ஒன்றரை லட்சம் ரூபாயும் ஒரு சரளை இறக்கமும்

என் அக்கா மகன் இந்த ஆண்டு கிடைத்த போனஸில் ஒன்றரை லட்சம் ரூபாயை மவுண்டன் பைக்குக்கென்று தனியாக எடுத்துவைத்திருக்கிறான். போன ஞாயிறு காலை பெங்களூருவின் தெற்கே துரஹள்ளிக் காட்டை ஒட்டிய மண் பாதைகளில் ஓட்டிவிட்டு, கனகபுரா சாலையில் இட்லிக்காகக் காத்திருந்தபோது செல்போனை என் பக்கம் திருப்பினான். திரையில் மூன்று சைக்கிள்கள். "மாமா, இதில் எதை வாங்கினால் அந்தப் பாறை இறக்கத்தில் காலை ஊன்றாமல் போகலாம்?" என்று கேட்டான்.

அவன் சொன்ன இறக்கம் எனக்கு நன்றாகத் தெரியும். மொத்தம் நாற்பது மீட்டர் இருக்கும். மேலே யானை முதுகு போன்ற ஒரு பாறை. அது முடியும் இடத்தில் இறுகிய செம்மண், அதன்மேல் கடலைப்பருப்பு அளவில் சிதறிக் கிடக்கும் சரளை. பிறகு இடப்பக்கம் ஒரு வளைவு, வளைவின் வெளி ஓரத்தில் ஒரு தைல மரம். அவன் ஒவ்வொரு முறையும் பாறையின் உச்சியில் நின்றுவிடுகிறான். துணிந்து இறங்கிய இரண்டு முறையும் பின்சக்கரம் பூட்டிக்கொண்டு அந்த மரத்தை நோக்கி இழுத்துப்போனது.

அவன் காட்டிய மூன்றில் முதலாவது, முன்னும் பின்னும் அதிர்வைத் தாங்கும் சஸ்பென்ஷன் உள்ள சைக்கிள். அவன் கையிலுள்ள பணம் முழுவதும் அதற்கே போய்விடும். இரண்டாவது, முன்பக்கம் மட்டும் சஸ்பென்ஷன் உள்ள, ஹார்டுடெயில் என்று அழைக்கப்படும் வகை. விலை அதில் ஏறத்தாழ பாதி, ஆனால் பாகங்கள் முதலாவதைவிடத் தரமானவை. மூன்றாவது, மோட்டார் உதவியுடன் ஓடும் மின் மவுண்டன் பைக். அதற்குக் கடன் வாங்க வேண்டும். பட்டியலில் இல்லாத நான்காவது வழி ஒன்று சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தது. மூன்றாண்டுகளுக்கு முன் அவன் வாங்கிய பழைய ஹார்டுடெயில்.

எங்கள் ஞாயிற்றுக்கிழமைக் குழுவில் இந்தப் பேச்சு வந்தால் இரண்டு கட்சி ஆகிவிடும். ஓட்டத் தெரிந்தவனுக்கு எந்தச் சைக்கிளும் போதும் என்பார்கள் சிலர். நல்ல சைக்கிள் இருந்தால்தான் ஓட்டவே பழக முடியும் என்பார்கள் மற்றவர்கள். இருபது ஆண்டுகளாக இந்த ஊரில் ஓட்டும் எனக்கு இரண்டுமே முழுதாக ஒப்பவில்லை. கருவிகள் எல்லாம் ஒரே இனம் அல்ல. சில கருவிகள் நிலம் சொல்வதை நம் கைக்கும் காலுக்கும் தெளிவாகக் கொண்டுவருகின்றன. நாம் நினைத்ததைச் செய்ய இடம் கொடுக்கின்றன. வேறு சில, நிலத்தின் குரலை அடக்கிவிடுகின்றன. முதல் வகைக்கு எவ்வளவு சீக்கிரம் பணம் போடுகிறோமோ அவ்வளவு நல்லது. இரண்டாம் வகை காத்திருக்கட்டும். அவனிடம் அன்று சொன்னதும், இங்கே விரித்து எழுதுவதும் இதைத்தான்.

முதலில் நம் நிலத்தைப் பார்க்க வேண்டும். சைக்கிள் விளம்பரங்களில் வரும் ஐரோப்பிய மலைச்சரிவுகள் வேறு, பெங்களூரு வேறு. இந்த ஊர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஒரு பீடபூமி. லால்பாக் பாறையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், நம் காலடியில் இருப்பது சுமார் 300 கோடி ஆண்டு பழைய பாறை. அந்தப் பாறை ஆங்காங்கே தலைகாட்டும் செம்மண் நிலம், தைலமரத் தோப்பு, மழைநீர் அரித்த ஓடைத் தடங்கள். வடக்கே அவலஹள்ளியானாலும் தெற்கே துரஹள்ளியானாலும் நமக்குக் கிடைப்பது சின்னச் சின்ன ஏற்ற இறக்கங்கள். ஒரு நிமிடத்துக்கு மேல் தொடர்ந்து இறங்கும் மண் தடம் அரிது. காய்ந்த பாறையில் டயர் பல்லியைப் போல் ஒட்டும். பாறைமேல் தூசி படிந்திருந்தால் வழுக்கும். இறுகிய மண்மேல் சரளை கிடந்தால் கோலிகுண்டுகளின்மேல் நடப்பது போல்தான். இங்கே விழுபவர்களில் பெரும்பாலோர் பெரிய பாறையிலிருந்து குதித்து விழுவதில்லை. வளைவில் பிரேக் பிடித்து விழுகிறார்கள். (இந்தக் காடுகள் வனத்துறையுடையவை. சைக்கிளை விடுவார்களா என்பது காலத்துக்குக் காலம் மாறியிருக்கிறது. போகும் முன் கேட்டுக்கொள்ளுங்கள்; நடப்பவர்களுக்கு எப்போதும் வழிவிடுங்கள்.)

ஆக, வளைவில் பிரேக் பிடித்து விழாமல் இருப்பதற்கு என்ன வேண்டும் என்பதே பெங்களூருக்காரரின் முதல் கேள்வி. அதற்கு வேண்டிய திறமை மாயம் ஒன்றும் இல்லை. தர்மபுரியில் மணிக்கு இவ்வளவு என்று வாடகைச் சைக்கிள் எடுத்து, குறுக்குக் கம்பிக்கு அடியில் காலை விட்டுக் குரங்குப் பெடல் போட்ட தலைமுறை நான். அப்போது சைக்கிள் ஒரு பக்கம் சாயும், உடம்பு மறுபக்கம் சாயும், இரண்டும் சேர்ந்து நேராகப் போகும். யாரும் சொல்லித்தராமலேயே, சைக்கிள் வேறு, உடல் வேறு என்பதை இடுப்பு கற்றுக்கொண்டது. நாற்பது வயதில் சரளை வளைவுகளில் தேவைப்பட்டதும் அதேதான். சைக்கிளை வளைவுக்குள் சாய்த்துவிட்டு உடலை அதற்குமேல் நிமிர்த்தி வைத்தால் டயர் மண்ணை அழுத்திப் பிடிக்கும். உடலும் சேர்ந்து உள்ளே சாய்ந்தால், டயர் சற்று நழுவியதும் ஆளோடு கீழே போகும்.

மற்றவை மூன்று. எடை இருக்கையில் இருக்கக்கூடாது, கைகளிலும் இருக்கக்கூடாது, பாதங்களில் இருக்க வேண்டும். கண் முன்சக்கரத்தைப் பார்க்காமல் வளைவின் முடிவைப் பார்க்க வேண்டும். மரத்தைப் பார்த்தால் மரத்துக்குத்தான் போவோம். வேகத்தை வளைவுக்கு முன்பே குறைத்துவிட்டு, வளைவுக்குள் பிரேக்கைத் தளர்த்த வேண்டும். ஒரு டயருக்கு மண் தரும் பிடிப்பு அளவானது. அதில் பாதியை பிரேக் தின்றுவிட்டால் திரும்புவதற்கு மீதம் இருப்பது கொஞ்சம். இந்தக் கணக்கை எந்த விலைச் சைக்கிளும் மாற்றுவதில்லை.

அக்கா மகனின் சிக்கல் இந்த மூன்றில் கடைசியான பிரேக்கில்தான் இருக்கிறது. ஆனால் அவனுக்குத் தெரியவில்லை என்பது மட்டும் காரணமல்ல. அவன் சைக்கிளில் இருப்பது கம்பியால் இழுபடும் டிஸ்க் பிரேக். இரண்டு விரலை முழு பலத்தோடு இறுக்கினால்தான் பிடிக்கும். பிடிக்கும்போது சட்டென்று பூட்டிக்கொள்ளும். பயத்தில் முன் பிரேக்கைத் தொடுவதே இல்லை. இறக்கத்தில் எடை முன்னோக்கிப் போகும்போது நிறுத்தும் வலிமையில் பெரும்பங்கு முன்சக்கரத்தில்தான் இருக்கிறது. பின்சக்கரம் எடை குறைந்து இலேசாகப் பூட்டிக்கொண்டு சறுக்கும். அவனைப் போய் "வேகத்தை அளவாகக் குறை" என்று சொல்வது, மொட்டைக் கத்தியைக் கையில் கொடுத்து வெங்காயத்தைப் பொடியாக நறுக்கச் சொல்வதைப் போன்றது.

இந்த விளையாட்டின் வரலாறே பிரேக்கில்தான் தொடங்குகிறது. கலிபோர்னியாவின் மரின் வட்டாரத்தில் 1970-களில் ஒரு கூட்டம் இளைஞர்கள் முப்பது நாற்பது ஆண்டு பழைய கனத்த சைக்கிள்களை மலைமேல் கொண்டுபோய் இறக்கினார்கள். 1976 அக்டோபரில் அவர்கள் தொடங்கிய பந்தயத்துக்கு ரீபேக் என்று பெயர். சுமார் 3 கிலோமீட்டரில் 400 மீட்டர் இறக்கம். பெடலைப் பின்னோக்கி மிதித்தால் பிடிக்கும் பழைய ஹப் பிரேக் அந்த ஒரே இறக்கத்தில் சூடாகி, உள்ளேயிருக்கும் கிரீஸ் எல்லாம் புகையாகப் போய்விடும். ஒவ்வொரு முறையும் கிரீஸை மறுபடி அடைக்க வேண்டியிருந்ததால்தான் அந்தப் பெயர். அந்தக் காலத்துக் கனத்த சைக்கிள்களில் கேரி ஃபிஷர் போன்றவர்கள் நாலரை நிமிடத்துக்குள் இறங்கினார்கள். திறமைக் கட்சியினர் இந்தக் கதையை அடிக்கடி சொல்வார்கள். அவர்கள் சொல்லாமல் விடும் பாதி ஒன்று உண்டு. அதே ஆட்கள்தான் உடனே நல்ல பிரேக்கையும் பல கியர்களையும் தேடி மாட்டினார்கள். அவர்களில் ஒருவரான ஜோ பிரீஸ் 1977-ல் மலைக்கென்றே புதிதாகச் சைக்கிள் சட்டம் (ஃபிரேம்) கட்டினார். தங்கள் கை என்ன கேட்கிறது என்று தெரிந்துகொண்ட பிறகு கருவியைத் தேடினார்கள். அந்த வரிசைதான் எனக்குப் பிடித்திருக்கிறது.

ஹைட்ராலிக் பிரேக் முதல் வகைக் கருவி. ஒரு விரல் போதும். மற்ற விரல்கள் ஹேண்டில்பாரைப் பிடித்திருக்கும். எண்ணெய் அழுத்தத்தில் வேலை செய்வதால் விரலின் ஒவ்வொரு மில்லிமீட்டர் அசைவும் சக்கரத்துக்குப் போகிறது. சக்கரம் பூட்டிக்கொள்ளப் போகிறது என்பதும் விரலுக்குத் திரும்பி வருகிறது. எளிய ரகத்தில் ஒரு ஜோடியை ஒன்றரை லட்சத்தின் சிறு பகுதியில் வாங்கிவிடலாம். மின்னணு முறையில் சக்கரம் பூட்டாமல் பார்த்துக்கொள்ளும் ஏபிஎஸ் பிரேக்கும் மின் சைக்கிள்களுக்கு வந்துவிட்டது. பாஷ் நிறுவனம் 2018-ல் கொண்டுவந்தது. ஈரச் சாலையில் அலுவலகம் போகிறவருக்கு அது உயிர் காக்கும் கருவி என்பதில் எனக்கு ஐயமில்லை. மண்ணில் பழக வருபவருக்கு மட்டும், சக்கரம் பூட்டும் எல்லை எங்கே என்று விரல் ஒருமுறையாவது அறிந்த பிறகு அது வரட்டும் என்பேன்.

டயரைப் பற்றி யாரும் கேட்பதில்லை. எனக்கு அதுதான் வருத்தம். கடையில் 45 பிஎஸ்ஐ காற்றை அடித்துக் கொடுத்துவிடுகிறார்கள். அவனும் வாரம் தவறாமல் அதே அளவுக்கு அடித்துக்கொண்டு வருகிறான். 58 கிலோ எடையுள்ள பையனுக்கு அந்த அழுத்தத்தில் டயர் கல்லாகிவிடுகிறது. சரளையில் துள்ளுகிறதே தவிர மண்ணைக் கவ்வுவதில்லை. ட்யூபோடு அழுத்தத்தை மிகவும் குறைத்தால் பாறை விளிம்பில் மோதும்போது ட்யூப் நசுங்கிப் பாம்பு கடித்ததுபோல் இரண்டு ஓட்டை விழும். ட்யூப்லெஸ் டயரில் அந்தச் சிக்கல் இல்லை. 25-ஐ ஒட்டிய அழுத்தத்திலும் அவன் எடைக்கு ஓட்டலாம். உள்ளே ஊற்றும் அடைப்புப் பால் நெருஞ்சி முள் ஓட்டைகளை ஓடும்போதே அடைத்துவிடும். நெருஞ்சி பூத்த காலத்தில் தோப்பு வழியாக வந்து, வீட்டுக்குப் போய் இரண்டு சக்கரத்திலிருந்தும் பதினாலு முள் பிடுங்கியவன் நான். காற்றழுத்தத்தைக் குறைப்பதற்குப் பணமே வேண்டாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். இட்லிக் கடை வாசலிலேயே அவன் டயரில் கொஞ்சம் காற்றை இறக்கிவிட்டேன்.

அடுத்தது டிராப்பர், அதாவது ஹேண்டில்பாரில் ஒரு சிறு நெம்புகோலை அழுத்தினால் இருக்கையை இறக்கி ஏற்றும் குழாய். ஏறும்போது இருக்கை உயரமாக இருந்தால்தான் கால் முழுதாக நீளும். இறங்கும்போது அதே இருக்கை வயிற்றிலும் தொடையிலும் இடித்து நம்மை முன்னே தள்ளும். எடையைப் பாதத்தில் வை, சைக்கிளை மட்டும் சாய் என்று நான் மேலே எழுதியதெல்லாம் இருக்கை வழியை மறித்து நின்றால் வெறும் உபதேசம்தான். முன்பெல்லாம் உச்சியில் இறங்கி நின்று கையால் தாழ்த்துவோம். ஜோ பிரீஸும் ஜோஷ் ஏஞ்சலும் 1984-லேயே இதற்காக ஹைட் ரைட் என்று ஒரு ஸ்பிரிங் செய்து விற்றார்கள் என்றால், தேவை எவ்வளவு பழையது என்று பார்த்துக்கொள்ளுங்கள். எங்கள் குழுவில் ஐந்தடி உயரம்கூட இல்லாத ஒரு தோழி இருக்கிறார். ஐந்து ஆண்டுகள் அவரைப் "பயப்படாதீர்கள்" என்று எல்லோரும் அதட்டிக்கொண்டிருந்தோம். டிராப்பர் மாட்டிய மாதத்திலேயே எங்களில் பலரைவிட அழகாக இறங்கினார். அவருக்கு இல்லாமல் இருந்தது துணிச்சல் அல்ல, நகர்வதற்கு இடம். அந்த ஐந்து ஆண்டு அதட்டலுக்காக நான் அவரிடம் மன்னிப்புக் கேட்டிருக்கிறேன்.

இனி சஸ்பென்ஷன். இதில் நான் கவனமாக எழுத வேண்டும், ஏனெனில் இதனால் நான் அடிபட்டிருக்கிறேன்.

ராக்‌ஷாக்ஸ் நிறுவனம் 1989-ல் தன் முதல் சஸ்பென்ஷன் ஃபோர்க்கை, அதாவது முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் கவையை, விற்கத் தொடங்கியபோது பந்தய வீரர்களே அதை நம்பவில்லை. அடுத்த ஆண்டே, அமெரிக்காவின் துராங்கோவில் நடந்த முதல் அதிகாரபூர்வ உலக சாம்பியன் போட்டியில் கிரெக் ஹெர்போல்ட் அந்த ஃபோர்க்கோடு இறக்கப் பந்தயத்தை வென்றார். காரணம் சொகுசு அல்ல. மேடு பள்ளத்தில் துள்ளும் சக்கரம் காற்றில் இருக்கும் நேரத்தில் திரும்பவும் முடியாது, நிற்கவும் முடியாது. நல்ல சஸ்பென்ஷன் சக்கரத்தை மண்ணோடு ஒட்டவைக்கிறது. ஸ்பிரிங் அடியை வாங்குகிறது. எண்ணெய் அறை அந்தத் துள்ளலை வெப்பமாக மாற்றித் தணிக்கிறது. இந்த இரண்டாவது வேலையைச் செய்யாத மலிவு ஃபோர்க், கனத்தைக் கூட்டிய ஸ்பிரிங் மட்டுமே. அக்கா மகனின் சைக்கிளில் இருப்பது அதுதான். கனமான ஆளுக்கான இரும்பு ஸ்பிரிங். நாம் ஏறி நின்றதும் ஃபோர்க் தன் மொத்த நகர்வில் 20 முதல் 30 சதவீதம் அமுங்கியிருக்க வேண்டும். அவனுக்கு விரல் அகலம்கூட அமுங்கவில்லை. காற்று ஃபோர்க்காக இருந்தால் அவன் எடைக்குத் தக்கபடி அழுத்தத்தை மாற்றிக்கொள்ளலாம். எனவே நல்ல முன் ஃபோர்க்கை நான் முதல் வகையில்தான் வைக்கிறேன்.

பின்பக்க சஸ்பென்ஷனும் சேர்ந்து, நகர்வு 140 மில்லிமீட்டரைத் தாண்டும்போது கதை மாறுகிறது. ஏழெட்டு ஆண்டுகளுக்கு முன் நண்பர் ஒருவரின் அப்படிப்பட்ட சைக்கிளை இரவல் வாங்கி, எனக்கு மனப்பாடமான ஒரு தடத்தில் இறங்கினேன். பறப்பதுபோல் இருந்தது. என் ஹார்டுடெயிலில் இறங்கும்போது நான் வேகத்தைக் கண்ணால் அளந்ததில்லை என்பது அன்றுதான் தெரிந்தது. உள்ளங்காலின் அதிர்வை வைத்துத்தான் அளந்திருக்கிறேன். அதிர்வு போனதும் அளவுகோல் போய்விட்டது. வழக்கமான இடத்தில் பிரேக் பிடித்தேன், வழக்கத்தைவிட மிக வேகமாக வந்து. வளைவுக்குள் இன்னும் பிடித்தேன். முன்சக்கரம் நழுவியது, கழுத்துப்பட்டை எலும்பு முறிந்தது. ஆறு வாரம் கையைத் தூக்குப் பட்டையில் போட்டிருந்தேன். சைக்கிளைக் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை; அது தன் வேலையைச் செம்மையாகச் செய்தது. என் தவறுகளை 15 கிலோமீட்டர் வேகத்தில் எனக்குக் காட்டாமல் மறைத்து, 30-ல் காட்டியது. நிலத்தின் குரலை அடக்கும் கருவி என்று நான் சொல்வது இதை.

அதே சைக்கிள் குடகிலோ நீலகிரியிலோ வேறு பொருள். வேரும் உருளைக்கல்லும் நிறைந்த நீண்ட இறக்கத்தில் ஹார்டுடெயில் பின்சக்கரம் உதைத்து உதைத்துத் தொடையை நொறுக்கிவிடும், களைத்த கால்களால் நல்ல நிலையில் நிற்க முடியாது, களைப்பில்தான் விழுகிறோம். மாதம் ஒருமுறையாவது மேற்குத் தொடர்ச்சி மலைக்குப் போகிறவர், மூன்று நான்கு ஆண்டுகளாக ஓட்டுகிறவர், தாராளமாக இரண்டு பக்க சஸ்பென்ஷனுக்குப் பணம் போடலாம். அப்படிப் போட்டால் நடுத்தர ரகத்துக்காவது போங்கள். அக்கா மகன் காட்டியதில் பின்பக்கக் கீல்களுக்கும் ஷாக்குக்குமே பணம் தீர்ந்துபோய், பிரேக்கும் டயரும் கடைநிலை ரகமாக இருந்தன. டிராப்பரே இல்லை. அவனை மரத்தில் மோதாமல் காப்பாற்ற வேண்டிய மூன்றையும் கழித்துவிட்டு, அவனுக்கு இப்போது வேண்டாத ஒன்றைக் கொடுக்கிறார்கள்.

பந்தயக் களத்திலிருந்து இரண்டு சான்றுகளை இரு கட்சியும் எடுத்து வீசும். ஆஸ்திரியாவின் லியோகாங்கில் 2015-ல் நடந்த உலகக் கோப்பை இறக்கப் பந்தயத்தில் ஆரன் குவினின் செயின் தொடக்கத்திலேயே அறுந்துவிட்டது. ஒரு மிதிகூட மிதிக்க முடியாமல் கடைசிவரை இறங்கி, வென்றார். பிரேக்கை எவ்வளவு குறைவாகத் தொடலாம், பள்ளத்தில் உடலை அழுத்தி எப்படி வேகம் எடுக்கலாம் என்பதற்கு அந்த ஓட்டம் பாடம். ஆனால் அவர் இழந்தது செயினை மட்டும். பிரேக்கும் சஸ்பென்ஷனும் டயரும் உலகத் தரத்தில் அவரோடு இருந்தன. சாம் ஹில் 2017, 2018, 2019 என்று தொடர்ந்து மூன்று முறை, இறக்கங்களுக்கு மட்டும் நேரம் கணக்கிடும் எண்டூரோ பந்தயங்களின் உலகத் தொடரை வென்றபோது, போட்டியாளர்களில் பெரும்பாலோர் ஷூவைப் பெடலோடு பூட்டிக்கொண்டு ஓட்ட, அவர் சாதாரணத் தட்டைப் பெடலில் ஓட்டினார். இந்த இரண்டிலிருந்தும் நான் எடுத்துக்கொள்வது, எந்தக் கருவியை விட்டுக்கொடுக்கலாம், எதை விடக்கூடாது என்ற பட்டியலை. செயினைக்கூட விட்டுக்கொடுத்தார்கள், பிரேக்கை யாரும் விடவில்லை.

தானாகவே தடத்தை உணர்ந்து சஸ்பென்ஷனை இறுக்கித் தளர்த்தும் மின்னணு அமைப்புகளும் வந்திருக்கின்றன. ஃபாக்ஸ் 2018-லும் ராக்‌ஷாக்ஸ் 2021-லும் வெளியிட்டன. கம்பியில்லா மின்னணு கியரும் உண்டு. வேலை செய்கின்றனவா என்றால், நன்றாகவே செய்கின்றன. ஏற்றமும் இறக்கமும் நிமிடத்துக்கு நிமிடம் மாறும் பந்தயத்தில் விநாடிகளைச் சேமிப்பவர்களுக்கு அவை. நம் பட்ஜெட்டில் அவற்றைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை.

மின் மவுண்டன் பைக்கைப் பற்றி என் கருத்து மாறியிருக்கிறது. முன்பு அதை ஏளனமாகப் பார்த்தேன், தவறு. ஓசூரிலிருந்து வரும் எங்கள் குழுவின் மூத்தவருக்கு இப்போது அறுபத்து மூன்று வயது. முழங்கால் தேய்ந்து, இரண்டு ஆண்டுகள் வராமல் இருந்தார். மின் சைக்கிள் வாங்கிய பிறகு திரும்பி வந்தார். ஏற்றத்தில் மோட்டார் உதவுகிறது. இறக்கத்தில் அவருடைய முப்பது ஆண்டுப் பழக்கம் அப்படியே இருக்கிறது. அவர் மறுபடி எங்களோடு அந்தப் பாறைமேல் உட்கார்ந்து தேநீர் குடித்த காலையை நான் மறக்க மாட்டேன். 250 வாட் வரையிலான மோட்டாரும், மணிக்கு 25 கிலோமீட்டருக்கு மேல் உதவாத அமைப்பும் இருந்தால் நம் நாட்டில் பதிவெண்ணோ உரிமமோ தேவையில்லை. திறமை நிறைந்து உடல் தளர்ந்தவருக்கு இதைவிட நல்ல கருவி இல்லை. இருபத்தாறு வயதில், உடல் நிறைந்து திறமை தொடங்கும் கட்டத்தில் இருப்பவனுக்கு நிலைமை தலைகீழ். இருபது கிலோவைத் தாண்டும் எடையை இறக்கத்தில் நிறுத்துவதற்கு நல்ல பிரேக் பழக்கம் வேண்டும். அதுதான் இவனிடம் இன்னும் இல்லை. காட்டு வாயிலில் மோட்டார் வண்டியா சைக்கிளா என்ற வாக்குவாதமும் வரும்.

திறமைக் கட்சியிடமும் ஒரு குறை சொல்ல வேண்டும். "ஓட்டினால் தானாக வரும்" என்கிறார்கள். இந்த ஊரில் ஒருவருக்கு ஓட்டக் கிடைக்கும் நேரம் எவ்வளவு? சில்க் போர்டு சந்திப்பின் நெரிசலில் தினமும் இரண்டு மணி நேரத்தைத் தொலைப்பவருக்கு ஞாயிறு காலை மட்டும்தான். அதில் அந்த இறக்கம் நாற்பது மீட்டர், பத்து விநாடி. மாதம் நான்கு முறை என்றால் நாற்பது விநாடிப் பயிற்சி. அப்படி ஆண்டு முழுவதும் ஓட்டினாலும் எட்டே நிமிடம்தான். பழக்கம் வேறு இடத்தில் உருவாக வேண்டும்.

அவனுடைய அடுக்குமாடிக் குடியிருப்பின் கீழ்த்தளத்தில் கார்கள் போன பிறகு நிறைய இடம் இருக்கிறது. வாரம் மூன்று நாள், பதினைந்து நிமிடம். தரையில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, அந்தக் கோட்டில் முன் பிரேக்கால் மட்டும் நிற்க வேண்டும், மெதுவான வேகத்தில் தொடங்கி; பின்சக்கரம் தரையை விட்டு இலேசாக எழும் நொடி எது என்று விரலுக்குத் தெரியும்வரை. நடப்பவரைவிட மெதுவாக, காலை ஊன்றாமல் எட்டு போட வேண்டும், அது இடுப்புக்கு. கிடையாக வைத்த ஒரு செங்கல்லின்மேல் முன்சக்கரத்தைத் தூக்கி வைக்க வேண்டும், கையால் இழுக்காமல், உடலைப் பின்னே தள்ளி. பிறகு ஞாயிறன்று அதே இறக்கத்தின் கடைசிப் பத்து மீட்டரை மட்டும், சரளையும் வளைவும் உள்ள பகுதியை, பாறையை விட்டுவிட்டு இருபது முறை. வளைவு கைவந்த பிறகு பாறை தானாகச் சின்னதாகிவிடும், ஏனென்றால் அவன் பயப்படுவது பாறைக்கு அல்ல, பாறைக்குப் பிறகு நிற்க முடியாதோ என்று.

அவனுக்கு நான் எழுதிக் கொடுத்த கணக்கு இது. முதல் மாதம், பழைய சைக்கிளுக்கே ஹைட்ராலிக் பிரேக், நல்ல டயர், சட்டம் இடம் கொடுத்தால் டிராப்பர். முழங்கால் கவசமும் ஹெல்மெட்டும் பழையதாக இருந்தால் அவையும். எல்லாம் சேர்த்து நாற்பதாயிரத்துக்குள் அடங்க வேண்டும். ஆறு மாதம் ஓட்டிப் பார்க்கட்டும். அப்போதும் அந்த மலிவு ஃபோர்க்தான் தடை என்று அவன் கைகளே சொன்னால், மீதிப் பணத்தில் காற்று ஃபோர்க் உள்ள நல்ல ஹார்டுடெயில். பழைய சட்டத்துக்கு விலை உயர்ந்த ஃபோர்க் மாட்டாதே, ஃபோர்க் நுழையும் கழுத்துக் குழாயின் அளவு பெரும்பாலும் ஒத்துவராது என்றும் எழுதினேன். குடகுக்கு இரண்டு முறை போய் வர மிச்சம் இருக்கும். அங்கே வாடகைக்குக் கிடைத்தால் இரண்டு பக்க சஸ்பென்ஷனை ஒரு நாள் ஓட்டிப் பார்க்கட்டும், மெதுவாக.

தொடக்கத்திலேயே புதிய ஹார்டுடெயில் வாங்குவதிலும் தவறில்லை. சைக்கிளே இல்லாதவர் கேட்டிருந்தால் நான் அதைத்தான் சொல்லியிருப்பேன். இவனுக்கு வேறு யோசனை சொன்னதற்குக் காரணம், பிரேக்கை மாற்றிய அன்று எது பிரேக்கின் குறை, எது தன் குறை என்று அதே சைக்கிளில், அதே இறக்கத்தில் அவன் பிரித்துப் பார்க்க முடியும் என்பதே. எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினால் அது தெரியாமலே போய்விடும்.

முகத்தில் கொஞ்சம் ஏமாற்றம் இருந்தது. புதுச் சைக்கிள் வாங்கும் ஆசை எனக்கும் தெரியாததல்ல. ஆனாலும் செவ்வாய்க்கிழமை இரவு ஒரு படம் அனுப்பினான். கீழ்த்தளத்தில் சாக்பீஸ் கோடு, கோட்டைத் தாண்டி இரண்டு அடியில் முன்சக்கரம். பிரேக்குக்கு ஜெயநகரில் ஒரு கடையில் சொல்லியாகிவிட்டது, சனிக்கிழமை மாட்டிவிடுவார்கள். டிராப்பரில்தான் சிக்கல். அவனுடைய சீட் குழாய் 27.2 மில்லிமீட்டர். இப்போது வரும் டிராப்பர்கள் பெரும்பாலும் 30.9 அல்லது 31.6 அளவில்தான் இருக்கின்றன. சிறிய அளவில் இரண்டு கிடைத்திருக்கின்றன. இரண்டில் எதன் கம்பி சட்டத்துக்கு வெளியே போகும் என்று கேட்டு எழுதியிருக்கிறோம்.